பக்கத்தில் ஹை வோல்டேஜ் இருந்தால் மற்றச் சாமான்கள் ஏன் குழம்புகின்றன? கண்டுபிடித்து அடக்க முழுமையான வழிகாட்டி

பூச்சி கொல்லும் நீல லைட்டைப் போட்டால் சிசிடிவி படத்தில் கோடு ஓடும். கடை வாசலில் நியோன் போர்ட் எரியத் தொடங்கினால் பில் போடும் டச் ஸ்க்ரீன் யாரும் தொடாமலே எதையாவது அமத்தும். பாடசாலைக் கண்காட்சிக்குப் பிள்ளை செய்த ஆர்டுயினோ (ப்ரோக்ராம் ஏற்றி ஓடும் சின்ன எலக்ட்ரோனிக் போர்ட்), பக்கத்து மேசையில் ஸ்பார்க் விழும்போதெல்லாம் முதலில் இருந்து தொடங்கும். கொழும்பில் இந்த மூன்று முறைப்பாடும் அடிக்கடி காதில் விழும். மூன்றுக்கும் ஆட்கள் செய்யும் முதல் வேலை ஒன்றுதான்: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய், கண்ணில் பட்ட நொய்ஸ் பில்டரையும் பெரைட்டையும் (வயரில் மாட்டும், தொல்லையைத் தடுக்கும் வளையம்) வாங்கி வந்து மாட்டுவது.

பெரும்பாலும் ஒன்றும் மாறாது. தொல்லை எந்த வழியாக வந்து சேருகிறது என்று அவர்கள் பார்க்கவே இல்லை. கரண்ட் வயர் வழியாக வருவதற்கு மருந்து வேறு, காற்று வழியாக வருவதற்கு வேறு, எர்த் வழியாக வருவதற்கு வேறு. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் மூலம், பிறகு வழி, காசு செலவழிப்பது அதற்கும் பிறகு.

1. உயிர் முதலில்

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற துணிவில் கை வைப்பவர்கள் நிறையப் பேர். வீட்டில் இருக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், லைவில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று மட்டும்தான் பார்க்கும். நியோன் ட்ரான்ஸ்போர்மரின் ஹை வோல்டேஜ் சுற்று தனியாகப் பிரிந்தது. அங்கே உங்கள் உடம்பு வழியாக ஓடும் கரண்ட் அந்தச் சுற்றுக்கே திரும்பிப் போகும், இந்தப் பக்கம் வித்தியாசமே தெரியாது. பழைய இரும்புக் கோர் நியோன் ட்ரான்ஸ்போர்மர்களில் 15,000 வோல்ட், 30 மில்லி அம்பியர் சாதாரணம். சுவிட்ச் விழும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாதாரண மல்டிமீட்டர் 600 அல்லது 1,000 வோல்ட் வரைதான் தாங்கும். அதை ஹை வோல்டேஜ் பக்கம் வைத்தால் ஸ்பார்க் மீட்டருக்குள்ளேயே பாயும், மீட்டரைப் பிடித்திருப்பவர் நீங்கள். இந்த வழிகாட்டியில் எந்த இடத்திலும் ஹை வோல்டேஜை அளக்கத் தேவையில்லை.

ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். கொசு பேட்டின் வலையிலும் பட்டனை விட்டபின் கொஞ்ச நேரம் நிற்கலாம். மைக்ரோவேவ் அவனைப் பிரித்து ட்ரான்ஸ்போர்மர் எடுக்கும் வேலையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது சுமார் 2,000 வோல்ட்டை ஆளைக் கொல்லும் அளவு கரண்டோடு தருகிற சாமான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் ஸ்பார்க் சோதனை எதையும் அவர்கள் பக்கத்தில் செய்யாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

மீடியம் வேவ் எடுக்கும், பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று. இதுதான் இந்த வேலையின் முக்கிய ஆயுதம். போனில் இருக்கும் எப்எம் போதாது, ஏனென்றால் எப்எம் ரிசீவர் அலையின் உயர ஏற்ற இறக்கத்தை வெட்டிவிடும், ஸ்பார்க் சத்தம் பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கமாகத்தான் வரும். பழைய ரேடியோ வீட்டு அலுமாரியில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதோடு ஒரு யூபிஎஸ் அல்லது பவர் பேங்க், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், கிளிப் போல மூடும் பெரைட் இரண்டு, பேனை, கொப்பி. கொப்பி எதற்கு என்று சிரிக்க வேண்டாம். ஒரே நேரத்தில் மூன்று மாற்றம் செய்துவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் நிற்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழைகளில் முதலாவது.

3. குற்றவாளி யார் என்று பிடிப்பது

ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து சத்தத்தைக் கூட்டுங்கள். சந்தேகப்படும் சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். சத்தம் எப்போது நிற்கிறதோ அதுதான் ஆள். வீட்டில் எதை நிறுத்தினாலும் சத்தம் போகவில்லை என்றால், மெயின் சுவிட்சையே ஒரு நிமிடம் இறக்கிப் பாருங்கள்; அப்போதும் கேட்டால் மூலம் வெளியே இருக்கிறது, நேரே 10ஆம் பகுதிக்குப் போங்கள்.

சத்தத்தின் தன்மையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தடித்த கர்ர்ர் என்று விடாமல் வந்தால், 230 வோல்ட் லைனோடு சேர்ந்து ஏதோ ஓர் இடத்தில் ஸ்பார்க் விழுகிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஒரு சுற்றில் இரண்டு தடவை உச்சம் தொடுவதால் அது வினாடிக்கு 100 தடவை கரகரக்கும். டயலைத் திருப்பும்போது ஒரே அளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அது எலக்ட்ரோனிக் ட்ரான்ஸ்போர்மர், மலிவான எல்ஈடி லைட், பிளாஸ்மா உருண்டை போல கிலோஹெர்ட்ஸ் கணக்கில் சுவிட்ச் ஆகும் சாமான். 40 கிலோஹெர்ட்ஸில் ஓடும் சுற்று என்றால் டயலில் 40 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு தடவை தலைகாட்டும். டிக் டிக் என்று வந்து, எக்ஸிலேட்டரை முறுக்க வேகமாகினால் கேட்டுக்கு வெளியே நிற்கும் ஓட்டோ. ஒரே ஒரு டப் என்றால் பிரிட்ஜ் தெர்மோஸ்டாட் அல்லது ஏதாவது சுவிட்ச்.

ஆட்கள் சந்தேகப்படவே மாட்டாத இரண்டைச் சொல்கிறேன். ஒன்று கேஸ் அடுப்பின் கிளிக் லைட்டர். அதற்குள் இருக்கும், அடித்தால் மின்சாரம் தரும் பீசோ கல் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் தரும். இரண்டாவது, ஒபிஸில் உயரம் மாற்றும் கேஸ் நாற்காலி. ஏசி அறையில் காற்று காய்ந்திருக்கும்போது ஆள் எழும்பினால், நாற்காலியின் உலோகப் பாகங்களுக்குள் ஸ்டாட்டிக் வெடித்து, பக்கத்து மொனிட்டர் ஒரு வினாடி கறுத்து மீண்டும் வரும். மொனிட்டர் பழுது என்று அதை ரிப்பேருக்குக் கொண்டு போவார்கள்.

திசையும் பிடிக்கலாம். மீடியம் வேவ் ரேடியோவுக்குள் ஒரு பெரைட் குச்சி படுத்திருக்கும். அந்தக் குச்சியின் முனை மூலத்தை நோக்கும்போது சத்தம் குறையும். ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லச் சுற்றி, சத்தம் ஆகக் குறையும் நிலையைக் குறியுங்கள், பிறகு அறையின் இன்னொரு மூலைக்குப் போய் அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம் சுவருக்குப் பின்னால் இருக்கும் வயரிங் என்று தெரியவந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், சுவருக்குள் ஓடும் வயரும் தொல்லையைச் சுமந்து போய்த் துப்பும்.

4. எந்த வழியாக வருகிறது

முழு வேலையிலும் இதுதான் கனமான பகுதி, அவசரப்படாமல் செய்யுங்கள். மூலம் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பாதிக்கப்படும் சாமானில் சோதனை செய்யுங்கள்.

முதல் சோதனை: பாதிக்கப்படும் சாமானை யூபிஎஸ்ஸில் போட்டு, யூபிஎஸ் ப்ளக்கைச் சுவரில் இருந்து முழுதாகக் கழற்றுங்கள். சுவரில் குத்தியபடி விட்டால் சோதனை செல்லாது, எர்த் வயர் அப்போதும் தொடர்பில் இருக்கும். கழற்றியதும் தொல்லை போய்விட்டால் அது கரண்ட் வயர் வழியாக வந்தது, பில்டர் உதவும்.

இரண்டாவது: இடத்தை மாற்றுங்கள். ஒரு மீட்டரில் இருந்ததை இரண்டு மீட்டருக்குத் தள்ளுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர்; அந்த அதிர்வெண்ணில் சுமார் 48 மீட்டருக்குள் இருப்பதெல்லாம் மூலத்துக்கு மிக அண்மையான வட்டம், அதாவது உங்கள் கடை முழுவதும். அந்த வட்டத்துக்குள் சின்ன மூலம் ஒன்றின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பச் சரியும், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒன்றாகும். ஆகவே சும்மா தள்ளி வைத்ததிலேயே தொல்லை விழுந்து போனால் அது காற்று வழி. தள்ளியும் இம்மியளவும் மாறவில்லை என்றால் அது ஏதோ ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

மூன்றாவது: கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சிசிடிவி டிவிஆர் (படத்தைப் பதியும் பெட்டி) என்றால் கேமரா வயர்கள், நெட்வேர்க் வயர், மௌஸ் வயர் எல்லாம். பத்து மீட்டர் கேமரா வயர் நல்ல அன்டெனா. பெட்டிக்குப் பில்டர் போட்டு, அன்டெனாவை அப்படியே விட்டால் யாருக்கு லாபம்? ஏதாவது ஒரு வயரைக் கழற்றியதும் தொல்லை நின்றால் அந்த வயரின் பெயரைக் கொப்பியில் எழுதுங்கள்.

நான்காவது எர்த். மூலமும் பாதிக்கப்படும் சாமானும் ஒரே எக்ஸ்டென்ஷனில் அல்லது ஒரே ப்ளக் பேஸில் குத்தியிருக்கிறதா பாருங்கள். வேறு சர்க்கிட்டில், மெயின் போர்டில் இருந்து தனியாக வரும் ப்ளக்கில் குத்திப் பாருங்கள். எர்த் பின்னைக் கழற்றிச் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

5. மூலத்திலேயே அடக்குவது

பாதிக்கப்படும் பக்கம் பத்து மருந்து போடுவதை விட மூலத்தில் ஒன்று போடுவது மேல். ஒரு நியோன் ட்ரான்ஸ்போர்மரால் டிவிஆர், பில் மெஷின், வைபை ரூட்டர் மூன்றும் குழம்பலாம், மூன்றுக்கும் தனித்தனியாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

முதலில், விழத் தேவையில்லாத ஸ்பார்க்கை நிறுத்துங்கள். நியோன் குழாய் ஒழுங்காக எரிந்தால் அதில் ஸ்பார்க் இல்லை. தொல்லை தருவது தளர்ந்த முனை, வெடித்த இன்சுலேஷன், தூசி படிந்த ஹோல்டர். காலி வீதியில் கடல் பக்கம் பார்த்த போர்ட்களில் இது இன்னும் மோசம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் காற்றில் வரும் உப்பு இன்சுலேட்டர் மேல் படியும். பகல் வெயிலில் ஒன்றும் தெரியாது, இரவு ஈரம் ஏறியதும் அந்த உப்புப் படை கரண்ட் கடத்தத் தொடங்கும். மேற்பரப்பில் மரக்கிளை போல கறுப்புக் கோடு தெரிந்தால் அது கரி ஏறிய பாதை. துடைத்தால் போகாது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். வெறும் உப்பும் தூசியும் என்றால், ப்ளக்கைக் கழற்றி, நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு போடுங்கள். நியோன் போர்டைத் திறக்கும் வேலையைப் போர்ட் செய்த ஆளிடமே கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று கறுப்புக் கோட்டைக் காட்டினால் போதும்.

அடுத்தது வயர் நீளம். ட்ரான்ஸ்போர்மரைக் கடைக்குள் வைத்து, ஹை வோல்டேஜ் வயரைக் கூரை வழியாக வாசல் வரை இழுப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள்: ட்ரான்ஸ்போர்மர் போர்டுக்குப் பக்கத்தில், நீளமாகப் போவது 230 வோல்ட் வயர். போகும் வயரும் திரும்பும் வயரும் இடைவெளி விட்டு ஓடினால் பெரிய வளையம் உண்டாகும், வளையம் பெரிதானால் காந்தப் புலமும் பெரிது. ஹை வோல்டேஜ் இன்சுலேஷன் அனுமதிக்கும் அளவுக்கு இரண்டையும் நெருக்கி வையுங்கள்.

ஸ்பார்க்தான் வேலையே என்றால், அதாவது இஞ்சின் பற்றவைப்பு போல, தொடரில் தடை போடுவதுதான் வழி. தடை ஸ்பார்க்கை நிறுத்தாது, கரண்ட் ஏறும் வேகத்தை மழுக்கும், ரேடியோவைக் கெடுப்பது அந்த வேகம். ரெசிஸ்டர் ஸ்பார்க் ப்ளக்குக்குள் சுமார் 5 கிலோ ஓம் இருக்கும். பல கம்பனிகளின் ப்ளக் இலக்கத்தில் ஆங்கில ஆர் எழுத்து இதைத்தான் குறிக்கும். ஓட்டோவில் இது இல்லாத மலிவான ப்ளக்கைப் போட்டால், வீட்டுக்குள் கிரிக்கெட் வர்ணனை கேட்பவருக்குத்தான் தெரியும்.

வெல்டிங் கடைகளுக்கு ஒரு வார்த்தை. டிக் (TIG) வெல்டிங் மெஷினில் ஹை ப்ரீக்வென்சி ஸ்டார்ட் என்ற சுவிட்ச் இருக்கும், அது பற்றவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் ஸ்பார்க் விடும். தொட்டுத் தூக்கிப் பற்றவைக்கும் முறையும் அந்த மெஷினில் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள், தொல்லை அதோடு முடிந்து போகலாம்.

6. எர்த்: மீட்டர் சொல்வதை நம்பாதீர்கள்

"வயரிங் பாஸ் மீட்டர் வைத்துப் பார்த்தார், எர்த் பெர்பெக்ட்" என்பார்கள். மீட்டர் பார்ப்பது நேர் கரண்டுக்கு உள்ள தடையை. ஸ்பார்க் கரண்ட் நானோ வினாடிகளில் ஏறும், அதற்கு வயரின் இண்டக்டன்ஸ்தான் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) கணக்கு.

கணக்கு எளிது. நேரான வயருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நானோ ஹென்றி. 10 சென்டிமீட்டர் எர்த் வயர் 100 நானோ ஹென்றி. அதில் 10 அம்பியர் கரண்ட் 10 நானோ வினாடியில் ஏறினால், அந்த 10 சென்டிமீட்டரின் இரு முனைக்கும் நடுவே 100 வோல்ட். அரை மீட்டர் வயர் என்றால் 500. மீட்டரில் இந்த இரண்டு வயரும் பூச்சியம் ஓம்தான் காட்டும்.

இதனால் வரும் விதி: மூலத்தின் உலோகப் பெட்டிக்கும் ஸ்பார்க் திரும்பும் முனைக்கும் உள்ள இணைப்பு ஆகக் குட்டையாக, முடிந்தால் வயருக்குப் பதில் அகலமான உலோகப் பட்டியாக இருக்க வேண்டும். மீதி வயரைச் சுருட்டிக் கட்டி வைப்பது அழகாக இருக்கும், ஆனால் அது கொயில். ஸ்பார்க் கரண்ட் தன் பெட்டிக்குள்ளேயே திரும்பிவிட்டால் வீட்டு எர்த்துக்கு அது வரவே வராது. தொல்லை போகவில்லை என்று தோட்டத்தில் இன்னொரு எர்த் கம்பி அடித்து அதைத் தனியாக இழுப்பது, இரண்டு எர்த்துக்கும் நடுவே புது வோல்டேஜ் வித்தியாசத்தைத்தான் உண்டாக்கும். எர்த் கம்பி ஆளைக் காப்பாற்றும் பாதுகாப்பு விஷயம். அதை வயரிங் பாஸிடம் விடுங்கள்.

7. கரண்ட் வழிக்குப் பில்டர்

முதல் சோதனையில் தொல்லை நின்றவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

சேர்ஜ் ப்ரொடெக்டர் வேறு, நொய்ஸ் பில்டர் வேறு. முன்னது இடி போன்ற பெரிய ஏற்றத்தை நறுக்கும், சின்னச் சின்ன ஹை ப்ரீக்வென்சி சத்தத்தை அப்படியே விட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது உலோக டப்பாவில் வரும், உள்ளே கொயிலும் கெப்பாசிட்டரும் உள்ள பில்டர். அதை மூலத்தின் பெட்டிச் சுவரிலேயே, உலோகத்தோடு உலோகம் தொட, பெயின்டைச் சுரண்டி இறுக்குங்கள். உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் ஒன்றாக டை போட்டுக் கட்டாதீர்கள், கட்டினால் சத்தம் பில்டரைத் தாவிக்கொண்டு போய்விடும்.

எர்த் இல்லாத ப்ளக்கில் இந்தப் பில்டரைப் போட்டால், பெட்டியில் கை வைக்கும்போது சுர்ரென்று இருக்கும். லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே உள்ள இரண்டு சின்னக் கெப்பாசிட்டரும் பெட்டியைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்க விடும். கரண்ட் மிகக் குறைவு, 4.7 நானோ பரட் என்றால் மூன்றில் ஒரு மில்லி அம்பியர்தான். ஆனாலும் அது எர்த் இல்லை என்பதற்கான அறிவிப்பு, முதலில் எர்த்தைச் சரி செய்யுங்கள்.

8. கேபிள்கள்

மூன்றாவது சோதனையில் பெயர் எழுதிய கேபிளுக்குத்தான் பெரைட். எல்லாக் கேபிளுக்கும் அல்ல. பெரைட்டைச் சாமானுக்குள் நுழையும் முனைக்குப் பக்கத்தில் போடுங்கள். வயர் ஒரு தடவை நுழைந்து போவதை விட மூன்று சுற்றுச் சுற்றினால் தடை ஏறத்தாழ ஒன்பது மடங்கு. மிக அதிகச் சுற்றும் வேண்டாம், சுற்றுகளுக்கு நடுவே உள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாக ஹை ப்ரீக்வென்சி தப்பிவிடும்.

கேமரா வயரை ஹை வோல்டேஜ் வயரோடு ஒரே கேசிங்கில் போடக் கூடாது. கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டு உள்ள வயரின் ஷீல்டை முறுக்கி வால் போல விட்டு ஒரு ஸ்குரூவில் மாட்டாதீர்கள். அந்த வாலுக்கும் மேலே போட்ட அதே சென்டிமீட்டர் கணக்குத்தான். சுற்றிவரப் பிடிக்கும் கனெக்டர் போடுங்கள்.

9. பிள்ளைகளின் ப்ரொஜெக்ட்

நான்கு லட்சம் வோல்ட் என்று விளம்பரம் போட்டு விற்கும் சின்னக் கறுப்பு ஹை வோல்டேஜ் மொடியூலை வைத்து நிறையப் பேர் கண்காட்சிக்கு வருகிறார்கள். சமதளமான உலோகங்களுக்கு நடுவே காய்ந்த காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் தாங்கும், கூர்முனை என்றால் அதை விடக் குறைவிலேயே உடையும். ஒரு சென்டிமீட்டர் ஸ்பார்க் விடுகிற மொடியூல் 30,000 வோல்ட்டைத் தாண்டவில்லை. எண்ணுக்காக முனைகளைத் தூர விலக்காதீர்கள், ஸ்பார்க் வெளியே பாய முடியாவிட்டால் மொடியூலுக்குள்ளேயே பாய்ந்து அதைக் கொன்றுவிடும். வோல்டேஜ் ஏற ஏறத் தொல்லையும் ஏறும்.

ஆர்டுயினோவுக்கும் மொடியூலுக்கும் தனித்தனி பேட்டரி. நடுவே சிக்னல் போக ஒப்டோகப்ளர் (ஒளியால் சிக்னல் கடத்தும் சிப்), வயரை விட அதுதான் நல்லது. பயன்படுத்தாத பின்களை அந்தரத்தில் விடாமல் சிப்புக்குள்ளேயே இருக்கும் புல் அப் தடையை ப்ரோக்ராமில் போடுங்கள். ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோ பரட் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதைப் போட்டபின் யூஎஸ்பி வழியாக ப்ரோக்ராம் ஏறாமல் போகலாம். ஏற்றி முடித்த பிறகு சோல்டர் பண்ணுங்கள். ஸ்பார்க் விடும் நேரத்தில் யூஎஸ்பி வயரும் லப்டொப்பும் மேசையில் இருக்கவே கூடாது.

சமையலறை அலுமினியம் பேப்பரால் போர்டைச் சுற்றுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வைத்தியம். கிரவுண்டோடு சேராத பேப்பர் பெரிதாக உதவாது, போர்டின் பின்களில் பட்டால் ஷோர்ட் ஆகும். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைக் கிரவுண்டோடு குட்டை வயரில் சேர்ப்பது அதை விட எவ்வளவோ மேல்.

10. எல்லாம் செய்தும் போகவில்லை என்றால்

போட்ட மருந்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், வேலை செய்யாததை வைத்திருக்க வேண்டாம். சோதனையை இரவிலும், மழை விட்ட கையோடும் ஒரு தடவை செய்யுங்கள், பகலில் சுகமான போர்ட் ஈரத்தில் குழம்பும்.

மெயின் சுவிட்சை இறக்கியும் ரேடியோ கத்தினால் வீதிக்குப் போங்கள். எந்த மின்கம்பத்துக்குக் கீழே சத்தம் ஆகக் கூடுதலாக இருக்கிறது என்று பாருங்கள். தளர்ந்த ஆணி, கம்பி நடுவே விழும் ஸ்பார்க் காய்ந்த நாளில் பலமாகக் கேட்கும், மழை நனைத்ததும் அடங்கும். உப்புப் படிந்த இன்சுலேட்டர் இதற்கு நேர் எதிர். தூறலிலும் பனியிலும் கத்தும், அடைமழை உப்பைக் கழுவிய பிறகு அமைதியாகும். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பதோ கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியை ஆட்டுவதோ வேண்டவே வேண்டாம். எந்தக் கம்பம், எந்த நேரம், மழைக்கு முன்னா பின்னா என்ற மூன்றையும் எழுதி, மாநகரத்துக்குள் என்றால் உங்கள் பில்லில் பெயர் உள்ள மின்சார நிறுவனத்துக்கும், கோட்டே, நுகேகொடை, மொரட்டுவைப் பக்கம் என்றால் லெக்கோ என்ற மின் விநியோகக் கம்பனிக்கும் முறைப்பாடு கொடுங்கள். வெறுமனே "டீவி கரகரக்கிறது" என்று சொன்னால் உங்கள் டீவியைப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.